4 ஜிபி லப்டொப்பில் நிம்மதியாகப் புரோகிராம் எழுத: ஜீனியை நிறுவிப் பழகுவதற்கான முழு வழிகாட்டி

கிண்ணியாவிலிருந்து உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் ஒருநாள் பின்னேரம் உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் பை, பைக்குள் அவனுடைய மாமா பாவித்துக் கழித்த லப்டொப். "சேர், இதுல பைத்தன் எழுத ஏலுமா, இல்லாட்டி வித்துப்போட்டு வேற வாங்கவா?" என்று கேட்டான். திறந்து பார்த்தேன். 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. புரோகிராம் எழுத அவன் வைத்திருந்தது விஷுவல் ஸ்டூடியோ கோட். அதைச் சொடுக்கிவிட்டு உள்ளே போய் இரண்டு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

விற்க வேண்டாம் என்றேன். குறை மெஷினில் இல்லை, அதன்மேல் ஏற்றிய சுமையில். விஷுவல் ஸ்டூடியோ கோட் நல்ல கருவிதான். 16 ஜிபி ரேம் உள்ளவர்கள் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் அது எலக்ட்ரோன் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதாவது அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு குரோமியம் பிரவுசரும் சேர்ந்தே திறக்கிறது. முப்பது வரிப் பைத்தன் எழுத ஒரு பிரவுசரைச் சுமக்க வேண்டியதில்லை.

அவனுக்கு அன்று போட்டுக் கொடுத்தது ஜீனி. ஆங்கிலத்தில் ஜி, ஈ, ஏ, என், வை என்று எழுதித் தேடுங்கள். அலாவுதீனின் பூதத்தைத் தேடினால் வேறு ஏதாவது வரும். என்ரிகோ ட்ரோகர் என்ற ஜெர்மன்காரர் தொடங்கிய இதன் முதல் பதிப்பு 2005இல் வெளிவந்தது. அந்தக் காலத்து மெஷின்களை மனதில் வைத்து எழுதியது, இன்றுவரை அந்த மெலிவை விடவில்லை. இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் ஓடும். எழுதும் இடம், எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் (கம்பைல் பண்ணும்) பொத்தான், பிழை வந்த வரியைக் காட்டும் பெட்டி, எல்லாம் ஒரே ஜன்னலில்.

இதில் மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவற்றின் பெயரை உச்சரிப்பு மாறாமல் எழுதியிருக்கிறேன், வாசித்தபடியே தேடிச் சொடுக்கலாம்.

முதலில் அடித்தளம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேமோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பழைய லப்டொப்கள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே என் தெரிவு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு. மின்ட்காரர்கள் குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கேட்கிறார்கள். வசதியாக ஓட 4 ஜிபியும் 100 ஜிபியும் என்கிறார்கள். நம் கையில் இருப்பது சரியாக அந்த அளவு.

தரவிறக்கும் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். இரவு டேட்டா மிச்சம் கிடந்தால் அதில் போடுங்கள், அல்லது ஏற்கெனவே இறக்கி வைத்த கூட்டாளியிடம் பென்டிரைவில் வாங்குங்கள். ரூஃபஸ் போன்ற சின்ன மென்பொருளால் அதை வெறும் பென்டிரைவ் ஒன்றில் எழுதி, கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடக்கினால், எதையும் நிறுவாமலே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று அரை மணி நேரம் நோண்டிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் கலியாணப் படங்கள், அப்பாவின் ஓய்வூதியப் பத்திரங்கள் எல்லாவற்றையும் வெளியே பிரதி எடுத்துவிட வேண்டும். ஒருமுறை நான் இந்த வரியை அவசரத்தில் தாண்டிப் போய், அக்காவிடம் ஒரு மாதம் வாங்கிக் கட்டினேன்.

வீட்டில் விண்டோஸ் இருந்தே ஆகவேண்டும் என்றால் பரவாயில்லை. முதலில் பைத்தனை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். நிறுவும் முதல் திரையின் அடியில் பைத்தனைப் 'பாத்'தில் (கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதில் கட்டாயம் சரி போடுங்கள். "எஃப் 5 அமத்தினா கறுப்புப் பெட்டி வந்து என்னவோ சொல்லுது" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டியைக் கவனிக்காதவர்கள்.

நிறுவுதல்

மின்ட்டில் 'சொஃப்ட்வெயார் மனேஜர்' திறந்து ஜீனி என்று ஆங்கிலத்தில் தேடினால் வந்துவிடும். நிறுவும் இடத்தில் இரண்டு வகை காட்டினால் 'சிஸ்டம் பக்கேஜ்' என்பதையே எடுங்கள். 'ஃப்ளட்பக்' என்றிருப்பது அளவில் பெரிது. அதோடு அது தனிக் கூட்டுக்குள் ஓடுவதால் கணினியில் இருக்கும் கம்பைலர் அதன் கண்ணுக்குப் படாமல் போகும். அப்புறம் அதே இடத்தில் 'ஜீனி பிளகின்ஸ்' என்பதையும், சி என்ற மொழியில் எழுதும் எண்ணம் இருந்தால் 'பில்ட் எசென்ஷல்' என்பதையும் நிறுவுங்கள். பைத்தன் மின்ட்டோடேயே வருகிறது.

கரண்டுக்குப் பயப்படாமல் இருக்க

நிறமும் எழுத்துருவும் மாற்ற ஆசை வரும். பொறுங்கள், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. இப்போது அப்படியில்லைதான். ஆனாலும் மார்கழி மழையில் வாடைக் காற்று ஒரு தென்னோலையைக் கம்பியில் போட்டால் போதும். பழைய லப்டொப்பின் பற்றரி பத்து நிமிடம் தாங்கினால் புண்ணியம். சிலது கரண்ட் போன அதே நொடியில் கண்ணை மூடும்.

'டூல்ஸ்' மெனுவில் 'பிளகின் மனேஜர்' திறங்கள். பட்டியலில் 'சேவ் அக்ஷன்ஸ்' என்றிருக்கும், அதைத் தெரிவுசெய்து கீழே 'பிரிஃபரன்ஸஸ்' அமத்துங்கள். அங்கே 'ஓட்டோ சேவ்' பகுதியை இயக்கிவிட்டால் இத்தனை நொடிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். அது தரும் 300 நொடி நமக்கு அதிகம், 60 போடுங்கள். திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் சேமிக்கவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று வையுங்கள். பக்கத்தில் 'பக்கப் கொப்பி' என்ற பகுதி இருக்கும். அதை இயக்கி ஒரு கோப்புறையைக் காட்டினால், ஒவ்வொரு சேமிப்பின்போதும் நாளும் நேரமும் போட்ட ஒரு பிரதி அங்கே போய் விழும். நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்க்கும்போது அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள், என்னை நினைப்பீர்கள்.

ஒரு விஷயம்: பெயர் வைக்காத கோப்பை ஓட்டோ சேவ் காப்பாற்றாது. ஆகவே புதுக் கோப்பைத் திறந்ததும் முதல் வரி எழுதுமுன் கன்ட்ரோல் எஸ் அமத்திப் பெயர் வைப்பதைப் பழக்கமாக்குங்கள். பெயர் வைத்தால் இன்னொரு இலாபமும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்துத்தான் இது பைத்தனா, சியா, எச்டிஎம்எல்லா என்று ஜீனி கண்டுகொள்கிறது. அதற்குமுன் நிறமும் வராது, சரியான கட்டளையும் வராது.

அமைப்புகளில் நான் தொடுபவை

'எடிட்' மெனுவின் அடியில் 'பிரிஃபரன்ஸஸ்'. உள்ளே போனால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் மாதிரி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பிரிவுகள். எல்லாவற்றிலும் வாளி போட வேண்டாம்.

'எடிட்டர்' பிரிவில் 'இன்டென்டேஷன்' பகுதி முக்கியம். அகலம் 4, வகை 'ஸ்பேசஸ்'. பைத்தனில் வரியின் முன்வெளிதான் இலக்கணம். ஒரு வரியில் டப் விசை போட்ட வெளியும் அடுத்த வரியில் இடைவெளி விசை போட்ட வெளியும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். பைத்தனோ இரண்டும் வேறு என்று மல்லுக்கு நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த கோடை அப்படியே ஒட்டும்போது இந்தக் கோளாறு அடிக்கடி வரும். சந்தேகம் வந்தால் 'எடிட்டர்' பிரிவின் 'டிஸ்பிளே' பகுதியில் வெற்று இடங்களைக் காட்டு என்பதை இயக்குங்கள். டப் அம்பாகவும் இடைவெளி புள்ளியாகவும் தெரியும். 'டொகியுமென்ட்' மெனுவில் டப்களை இடைவெளிகளாக மாற்றும் கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கில் கதை முடியும்.

'ஃபைல்ஸ்' பிரிவில் குறிமுறை (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யூடிஎஃப் 8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தமிழ் எழுதும்போது தொல்லை.

'இன்டர்ஃபேஸ்' பிரிவில் எழுத்துரு அளவை 12 அல்லது 13 ஆக்குங்கள். நிறம் மாற்ற 'வியூ' மெனுவில் 'சேஞ்ச் கலர் ஸ்கீம்'. கறுப்புப் பின்னணிதான் புரோகிராமரின் அடையாளம் என்று பொடியன்கள் நினைக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் ஜன்னல் திறந்த வீட்டில், பகல் பதினொரு மணி வெளிச்சத்தில், மங்கிப்போன பழைய திரையில் கறுப்புப் பின்னணி வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். நான் பகலில் வெள்ளை, இரவில் கறுப்பு.

கட்டளைகள்: ஜீனியின் உயிர்நாடி

ஜீனியில் மூன்று விசைகள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. எஃப் 8 கம்பைல், எஃப் 9 பில்ட், எஃப் 5 ஓட்டம். இவற்றுக்குப் பின்னால் மந்திரம் ஒன்றுமில்லை. நீங்கள் டெர்மினல் என்ற கட்டளைப் பெட்டியில் தட்டெழுதக்கூடிய ஒரு கட்டளையை உங்களுக்குப் பதில் ஜீனி எழுதுகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டளை என்னவென்று திறந்து பார்க்கவும் மாற்றவும் விடுகிறது. பாரமான கருவிகளில் படித்த பிள்ளைகள் பச்சை முக்கோணத்தை அமத்துவார்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள். படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் ஜீனியைப் பிடித்துக்கொள்வதற்கு ரேமைவிட இதுதான் பெரிய காரணம்.

ஒரு பைத்தன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு 'பில்ட்' மெனுவில் 'செட் பில்ட் கொமாண்ட்ஸ்' போங்கள். அடியில் 'எக்ஸிகியூட்' வரியில் பைத்தன் என்ற சொல்லும், அதற்குப் பின்னால் மேற்கோள் குறிகளுக்குள் % குறியும் சிறிய எஃப் எழுத்தும் இருக்கும். அந்த % எஃப் என்பது, திறந்திருக்கும் கோப்பின் பெயரை இந்த இடத்தில் போடு என்று பொருள். % குறியோடு ஈ வந்தால், புள்ளியும் அதற்குப் பின்னால் இருப்பதும் இல்லாத பெயர். மேற்கோள் குறிகளைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அந்தக் குறிகள்தான் பெயரை இரண்டாக உடையாமல் காக்கின்றன.

எஃப் 5 அமத்தும்போது, பைத்தன் என்ற கட்டளை இல்லை என்று லினக்ஸ் சொன்னால், அந்த வரியில் பைத்தன் என்ற சொல்லின் வாலில் 3 என்ற இலக்கத்தை ஒட்டுங்கள், இடைவெளி விடாமல். மேலே 'கம்பைல்' வரியிலும் அப்படியே.

சி கோப்பைத் திறந்துகொண்டு அதே பெட்டிக்குப் போனால் வேறு கட்டளைகள் இருக்கும். ஜிசிசி என்ற கம்பைலரும், அதோடு எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் 'வோல்' என்ற சுவிட்சும். அந்தச் சுவிட்சை எடுக்காதீர்கள், எச்சரிக்கைகள் எரிச்சலூட்டினாலும். வர்க்கமூலம் போன்ற கணிதச் சார்புகளைப் பாவித்துவிட்டு பில்ட் பண்ணும்போது, அந்தச் சார்பைக் காணவில்லை என்று இணைக்கும் கட்டத்தில் பிழை வந்தால், 'பில்ட்' வரியின் கடைசியில் ஓர் இடைவெளி, கழித்தல் குறி, சிறிய எல், சிறிய எம் சேருங்கள். கணித நூலகத்தை இணைக்கும் சொல் அது. கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்னால் வைத்தால் பல கணினிகளில் பிழை அப்படியே நிற்கும்.

எச்டிஎம்எல் படிப்பவர்கள் 'எக்ஸிகியூட்' வரியில் பிரவுசரின் பெயரை எழுதி, பின்னால் அதே % எஃப்பைப் போட்டால் எஃப் 5இல் பக்கம் நேரே பிரவுசரில் திறக்கும்.

ஒரு மீன் கணக்கு

இனி எழுதிப் பார்ப்போம். அந்தப் பையனின் வாப்பாவுக்குக் கடலோடு தொழில். வாடியில் கொடுத்த மீனுக்குக் கழிவு போக எவ்வளவு கைக்கு வரும் என்று சிகரெட் பெட்டி அட்டையில் கணக்குப் போடுவாராம். அதையே எடுத்துக்கொண்டோம். பைத்தன் 3இல் மாறிகளுக்கு (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்களுக்கு) தமிழில் பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது:

கிலோ = 42
விலை = 1150
மொத்தம் = கிலோ * விலை
கழிவு = மொத்தம் * 5 / 100
கைக்கு = மொத்தம் - கழிவு

ஆறாவது வரியில் பிரிண்ட் என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் கைக்கு என்று போடுங்கள். எஃப் 5. தனிப் பெட்டி ஒன்று திறந்து 45885.0 என்று காட்டும். அதன் கீழே புரோகிராம் 0 என்ற குறியோடு முடிந்தது என்று ஒரு வரி வரும். 0 என்றால் சுகமே போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வாலில் அந்த .0 எதற்கு என்று அவன் கேட்டான். ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் பைத்தன் 3 எப்போதும் தசம எண்ணாகவே தரும். இரட்டைச் சாய்கோடு போட்டால் முழு எண் வரும். ஆனால் சதக்கணக்கு வெட்டுப்பட்டுப் போகும், காசு விஷயத்தில் யோசித்துச் செய்ய வேண்டும்.

இப்போது வேண்டுமென்றே பிழை விடுங்கள். ஐந்தாவது வரியில் கழிவு என்பதைக் களிவு என்று எழுதுங்கள். வேண்டுமென்றே என்று சொன்னேனே, அவன் முதல் தடவை தானாகவே அப்படித்தான் எழுதியிருந்தான். எஃப் 8 அமத்தினால் ஒன்றும் சொல்லாது, கம்பைல் சரி என்று போய்விடும். ஏனென்றால் எஃப் 8 பார்ப்பது இலக்கணத்தை மட்டும்; அடைப்புக்குறி மூடவில்லை, முக்காற்புள்ளி விடுபட்டது போன்றவை அதில் அகப்படும். அப்படி அகப்பட்டால் கீழே 'கம்பைலர்' பெட்டியில் சிவப்பு வரி வரும், அதைச் சொடுக்கினால் பிழையான வரிக்கே கூட்டிக்கொண்டு போகும்.

களிவு என்ற பெயர் இல்லை என்பது எஃப் 5இல், ஓடும்போதுதான் தெரியவரும். 'நேம் எரர்' என்று சொல்லி, வரி எண்ணையும் தந்து, பைத்தன் 3.10 தொடக்கம் கூடவே ஒரு கேள்வியும் கேட்கும்: கழிவு என்பதையா சொன்னீர்கள்? ழகர ளகரம் திருத்தும் தமிழ் வாத்தியார் கணினிக்குள் இருக்கிறார் என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தமிழில் எழுதும்போது வரும் கூத்துகள்

மாறிப் பெயர்கள் தமிழில் இருக்கலாம்தான், ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலப் பெயர்களிலேயே பழகுவது நல்லது. ஒவ்வொரு வரியிலும் விசைப்பலகையை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டிருந்தால் விரல் சலித்துவிடும். தமிழ் அதிகம் தேவைப்படுவது மேற்கோள் குறிகளுக்குள், திரையில் காட்டும் சொற்களில். மின்ட்டின் உள்ளீட்டு அமைப்பில் தமிழ்99உம் சேர்க்கலாம், நம் ஊரில் பலர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் சேர்க்கலாம்.

பாமினியில் தட்டெழுதிய பழைய கோப்புகளை ஜீனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். கோப்பு பழுதில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அதுதான். யூனிகோடுக்கு மாற்றாமல் அதைப் புரோகிராமுக்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. பைத்தனிடம் திருகோணமலை என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நாம் எண்ணினால் தி, ரு, கோ, ண, ம, லை என்று 6 எழுத்து. பைத்தன் 10 என்று சொல்லும். இகரக் குறி, உகரக் குறி, ஓகாரக் குறி, ஐகாரக் குறி நான்கையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 30 வரும், ஏனென்றால் யூடிஎஃப் 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் செலவாகிறது. மூன்று பதிலும் சரி. எண்ணும் பொருள்தான் வேறு. இதை அறியாமல் தமிழ்ப் பெயர்களை அட்டவணையாக அச்சிடப் போனால் நிரல்கள் கோணலாக நிற்கும். என் குறுக்கு வழி: எண்களை முன் நிரல்களில் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசி நிரலில் போட்டுவிடுவது. பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லையென்றால் கோணல் தெரியாது.

டெர்மினல் பெட்டியில் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அது காட்டும் கோளாறு, தரவில் பழுதில்லை. அதே வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி ஜீனியில் திறந்தால் ஒழுங்காக இருக்கும். விண்டோஸ்காரர்கள் பைத்தனில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது குறிமுறை யூடிஎஃப் 8 என்று வெளிப்படையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குப்பையாக வாசிக்கும்.

விரலுக்குப் பழக்க வேண்டியவை

விசைக் குறுக்குவழிகளை ஒருமுறை தாளில் அச்சடித்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். கோட்டைப் பக்கம் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுக் கச்சான் வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது பாதியை மான் தின்றுவிட்டது. ஆகவே குறைவாகச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலோடு எல் சேர்த்தால் வரி எண் கேட்டு அங்கே போகும். கே சேர்த்தால் நிற்கும் வரி அழிந்துவிடும். எச் சேர்த்தால் தேடி மாற்றும் பெட்டி. எஃப் 4 லினக்ஸில் கீழே இருக்கும் டெர்மினலுக்குப் போகும், எஃப் 2 எழுதும் இடத்துக்குத் திரும்பும். விண்டோஸில் அந்த உள் டெர்மினல் கிடையாது.

கன்ட்ரோலோடு ஈ சேர்த்தால் தெரிவுசெய்த வரிகள் குறிப்புகளாக மாறிச் செயலிழக்கும், மறுபடி அமத்தினால் உயிர்பெறும். அப்படி மாற்றும்போது கட்டக் குறியோடு (#) அலைக்குறி (~) ஒன்றும் சேர்ந்து வரும். வைரஸ் என்று ஒருத்தர் எனக்கு இரவு பத்து மணிக்கு அழைத்தார். நீங்கள் கையால் எழுதிய குறிப்பையும், தான் தற்காலிகமாக முடக்கிய வரியையும் பிரித்தறிய ஜீனி வைக்கும் அடையாளம் அது. பிடிக்காவிட்டால் 'எடிட்டர்' பிரிவின் 'ஃபீச்சர்ஸ்' பகுதியில் அதை அழித்துவிடலாம்.

நான்கு எழுத்துத் தட்டியதும் ஏற்கெனவே எழுதிய பெயர்களைப் பட்டியலிட்டுக் காட்டும். விஷுவல் ஸ்டூடியோ கோட் மாதிரி உங்கள் மனதை வாசித்து முழு வரியும் எழுதித் தராது. படிக்கும் வயதில் அது தராததே நல்லது என்பது என் கட்சி.

வேலை பெருகும்போது

கோப்புகள் ஐந்தாறு ஆனதும் 'புரொஜெக்ட்' மெனுவில் புதிதாக ஒன்று தொடங்கி, எல்லாக் கோப்புகளும் இருக்கும் கோப்புறையை அடித்தளமாகக் காட்டுங்கள். அடுத்த முறை அந்தப் புரொஜெக்டைத் திறந்தால் விட்ட இடத்தில் அதே கோப்புகள் திறக்கும். கட்டளைகளையும் புரொஜெக்ட்டுக்கு வேறாக வைக்கலாம். கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒரு தங்கச்சி பாடத்துக்கொரு புரொஜெக்ட் வைத்திருக்கிறாள், நல்ல ஒழுங்கு.

'டூல்ஸ்' மெனுவின் 'கொன்ஃபிகரேஷன் ஃபைல்ஸ்' பட்டியலில் 'ஸ்னிப்பெட்ஸ்' என்றொரு கோப்பு இருக்கும். அடிக்கடி எழுதும் துண்டுகளுக்கு அங்கே சுருக்கப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரை எழுதி டப் விசையைத் தட்டும்போது முழுத் துண்டும் விரியும். இரண்டு, மூன்று வைத்தால் போதும். முப்பது வைத்தவர்கள் சுருக்கத்தின் பெயரையே மறந்துபோகிறார்கள்.

பெரிய ஜாவா வேலை, கைப்பேசிச் செயலி, ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள அலுவலகத் திட்டம் என்று வந்தால் ஜீனியை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு வேறு கருவி, வேறு மெஷின். அதற்கு முன் சம்பாதிக்கும் முதல் காசில் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள், கணினி தொடங்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் விசிறி கத்தினால் தூசியையும் தட்டச் சொல்லுங்கள். கடலோரத்து உப்புக் காற்றில் யூஎஸ்பி வாய்கள் துருப்பிடிப்பதற்கு என்னிடம் மருந்தில்லை, பாவிக்காதபோது மூடி வைப்பதைத் தவிர.

எல்லாவற்றையும் பென்டிரைவில் கட்டிக்கொள்ள

இவ்வளவு நேரம் செய்த அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமத்துங்கள், மறைந்திருப்பவை தெரியும். பெயரின் முன்னால் புள்ளி வைத்த 'கொன்ஃபிக்' என்பதற்குள் ஜீனியின் பெயரில் ஒரு கோப்புறை. விண்டோஸில் 'அப் டேட்டா'வுக்குள் 'ரோமிங்', அதற்குள் அதே பெயர். ஜீனியை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாகப் பென்டிரைவுக்குப் பிரதி எடுங்கள்.

இன்னொரு கணினியில் ஜீனியை நிறுவி, திறப்பதற்கு முன் அந்தக் கோப்புறையை அதே இடத்தில் வையுங்கள். நிறம், கட்டளைகள், ஸ்னிப்பெட்கள் எல்லாம் பழையபடி வரும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கொண்டுபோனால் மட்டும் கட்டளைகளில் பைத்தனின் வாலில் ஒட்டிய 3ஐக் கழற்றிவிடுங்கள். முதல் தடவை திறக்கும்போது, பழைய கணினியில் திறந்திருந்த கோப்புகளைக் காணவில்லை என்று கீழே 'ஸ்டேட்டஸ்' பெட்டியில் சில வரிகள் ஓடும். அவற்றைக் கவனிக்க வேண்டாம், அடுத்த தடவை வராது.